கோடியக்கரையில் ஜூன் மாதமும் எண்ண வேண்டும்

கொல்லிமலை சோளக்காடு சந்தையில் ஒரு வருடம் பலாப்பழ வரத்து குறைந்துவிட்டால் யாரும் சந்தையைப் பார்த்து முறைப்பதில்லை. "குண்டனி நாட்டுப் பக்கம் காய்ப்பு எப்படி? பிஞ்சு விட்ட நேரத்தில் மழை அடித்துவிட்டதா?" என்றுதான் கேட்பார்கள். சந்தை என்பது சரக்கு வந்து சேரும் இடம். விளைகிற இடம் வேறு. இதைப் புரிந்துகொள்ள பி.காம். படிக்கத் தேவையில்லை.

ஆனால் பறவைகள் விஷயத்தில் மட்டும் இந்தச் சின்னப் பொது அறிவு எல்லோருக்கும் மறந்துபோகிறது. ஜனவரி வந்தால் பாருங்கள். "கோடியக்கரைக்குப் பறவைகள் வரத்து குறைவு" என்று ஒரு செய்தி வரும். உடனே ஒரு தரப்பு உப்பளங்களைத் திட்டும். இன்னொரு தரப்பு மழை சரியில்லை என்று சொல்லும். வேறொரு ஜனவரியில் "லட்சக்கணக்கில் குவிந்தன" என்று செய்தி வரும். அப்போது எல்லோரும் தங்களைத் தாங்களே தட்டிக்கொடுத்துக்கொள்வார்கள். (இரண்டு செய்திக்கும் பெரும்பாலும் பூநாரை படத்தைத்தான் போடுவார்கள் என்பது தனிக் கதை.) அந்தப் பறவைகள் விளைந்த இடத்தில் போன கோடையில் என்ன நடந்தது என்று கேட்பவர் மட்டும் அரிது.

அந்த இடம் கொஞ்சம் தூரம்தான். நேர்கோட்டில் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல்!

முதலில் கோடியக்கரையைப் பற்றிச் சுருக்கமாக. நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடி முனை. 1967ல் வனவிலங்கு சரணாலயம் ஆனது. வேதாரண்யம் சதுப்பு, தலைஞாயிறு காடு எல்லாம் சேர்ந்து 38,500 ஹெக்டேர் பரப்பு 2002 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தமிழகத்தின் முதல் ராம்சார் தலம் இதுதான். இங்கே சுற்றுலாப் பயணிகள் தேடுவது பூநாரையை. அது ஆர்க்டிக் பறவை இல்லை. இந்தியாவில் அது முட்டையிடும் பெரிய இடம் குஜராத்தின் கட்ச் ரண். சதுப்பின் சேற்றில் ஆயிரக்கணக்கில் குடுகுடுவென்று ஓடி ஓடிக் கொத்திக்கொண்டிருக்கும் சாம்பல் நிறச் சின்னப் பறவைகளை யாரும் கண்டுகொள்வதில்லை. அவைதான் இங்கே நாயகர்கள். கொசு உள்ளான் என்று ஒன்று. எடை 25 கிராம் போல இருக்கும், அவ்வளவுதான். கர்லூ சாண்ட்பைப்பர் என்று இன்னொன்று. கீழ்நோக்கி லேசாக வளைந்த மூக்கு உள்ள உள்ளான், எடை 60 கிராம் சுமார். இந்தக் கட்டுரைக்கு அதை வளைமூக்கு உள்ளான் என்றே அழைப்போம்.

வளைமூக்கு உள்ளான் முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடியில், டைமிர் தீபகற்பத்திலும் அதற்குக் கிழக்கே நீளும் துந்திரப் பகுதியிலும்தான். மரமே இல்லாத, பாசியும் புல்லும் குட்டைச் செடியும் மட்டும் உள்ள ஈரநிலம். ஜூன் தொடக்கத்தில் பறவைகள் போய்ச் சேரும்போது பல இடங்களில் இன்னும் பனி மூடியிருக்கும். பனி விலகிய திட்டுகளில் தரையிலேயே ஒரு சின்னப் பள்ளம், அதில் நான்கு முட்டைகள். ஆண் பறவை அடைகாப்பதில் உதவுவதில்லை. ஜோடி சேர்ந்ததும் அதன் வேலை முடிந்தது, ஜூலை பிறக்கும்போதே தெற்கே கிளம்பிவிடும். மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தாய் தனியே அடைகாக்கும். பொரிந்த குஞ்சு அன்றே தானாக மேயத் தொடங்கும். சுமார் இரண்டு வாரத்தில் பறக்கும். அதற்குள் தாயும் கிளம்பிவிடும். பிறந்து சில வாரங்களே ஆன குஞ்சுகள் வழிகாட்ட ஆளில்லாமல் தாங்களாகவே கண்டம் தாண்டி வருகின்றன. இதை எத்தனை முறை படித்தாலும் நம்பக் கடினமாகத்தான் இருக்கிறது.

இவ்வளவு தூரம் போய் ஏன் அவதிப்பட வேண்டும்? இங்கேயே முட்டையிட்டால் என்ன? 2010ல் கனடாவில் வந்த ஓர் ஆய்வு நல்ல பதில் ஒன்றைத் தந்தது. தெற்கிலிருந்து வடக்காக 29 பாகை அட்சரேகை நீளத்துக்குப் பல இடங்களில் போலிக் கூடுகள் அமைத்து, அவற்றில் காடை முட்டைகளை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். வடக்கே போகப் போக முட்டை திருட்டு குறைந்துகொண்டே வந்தது. கடைக்கோடியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைவு. ஆக, பறவைகள் பெட்ரோல் செலவு செய்து தூரம் போவது பாதுகாப்பு விலை மலிவாகக் கிடைப்பதால்.

ஆனால் அந்தப் பாதுகாப்பு ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. இங்கேதான் ஓர் எலி வருகிறது.

லெம்மிங் என்பது துந்திரத்தில் வாழும் குட்டை வால் எலி இனம். (கூட்டமாக மலையிலிருந்து குதித்துத் தற்கொலை செய்யும் என்று சொல்வார்களே, அதே லெம்மிங்தான். அது கட்டுக்கதை. 1958ல் வந்த டிஸ்னி படம் ஒன்றில் அந்தக் காட்சியை செட்டப் செய்து எடுத்துப் பரப்பிவிட்டார்கள்.) லெம்மிங் எண்ணிக்கை சுமார் மூன்று வருடத்துக்கு ஒரு முறை உச்சத்துக்குப் போய், பிறகு சடாரென்று விழும். உச்ச வருடத்தில் ஆர்க்டிக் நரிக்கும் ஸ்குவா என்ற கடற்பறவைக்கும் பனி ஆந்தைக்கும் விருந்து. பறவைக் கூடுகளைத் தேடி அலைய அவற்றுக்கு அவசியமே இல்லை. உள்ளான் குஞ்சுகள் நிம்மதியாக வளரும். நரியும் அந்த வருடம் நிறையக் குட்டி போடும். அடுத்த வருடம் லெம்மிங் காலி. இப்போது நரிகள் அதிகம், எல்லாம் பட்டினி. கண்ணில் படும் முட்டை எல்லாம் போச்சு. அந்தக் கோடையில் ஒரு பகுதி முழுவதிலும் குஞ்சே தேறாமல் போகலாம். மூன்றாவது வருடம் பட்டினியால் நரியும் குறைந்திருக்கும், ஆகவே சுமார்.

பிரென்ட் வாத்து என்றொரு சின்னக் காட்டு வாத்து டைமிரில் பனி ஆந்தையின் கூட்டை ஒட்டிக் கூடு கட்டுவது உண்டு. ஆந்தை தன் குஞ்சுக்காக நரியை விரட்டும், வாத்துக்கு இலவச வாட்ச்மேன். லெம்மிங் இல்லாத வருடம் ஆந்தையே முட்டையிடாது. வாட்ச்மேனும் லீவு.

இந்த எலிக் கணக்கைக் கண்டுபிடித்தது டைமிரில் உட்கார்ந்து அல்ல என்பதுதான் நமக்கு முக்கியம். 1979ல் ரோசெலார் என்ற டச்சுக்காரர், வலசை வரும் வளைமூக்கு உள்ளான் எண்ணிக்கை ஏறி இறங்குவதை லெம்மிங் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டு எழுதினார். பிறகு ரான் சம்மர்ஸ், லெஸ் அண்டர்ஹில் இருவரும் 1987ல் வெளியிட்ட கட்டுரையில் ஐரோப்பாவில் குளிர்காலம் கழிக்கும் பிரென்ட் வாத்துகளையும் தென்னாப்பிரிக்காவுக்குப் போகும் கரைப்பறவைகளையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் டைமிரில் பிறப்பவை. ஒன்று ஐரோப்பாவில், ஒன்று ஆப்பிரிக்காவின் தென்முனையில். இரண்டிலும் குஞ்சுகளின் பங்கு ஒரே தாளத்தில் ஏறி இறங்கியது. வாத்துக் கூட்டத்தில் சில வருடம் இளம் பறவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், சில வருடம் கிட்டத்தட்ட பூஜ்யம்!

தென்னாப்பிரிக்காவில் எப்படித் தெரிந்துகொண்டார்கள்? இங்கேதான் கோடியக்கரைக்கான பாடம் இருக்கிறது. வளைமூக்கு உள்ளான் போன்ற பறவைகளில் முதல் வயதுப் பறவைகள் பெரும்பாலும் அடுத்த கோடையில் வடக்கே போவதில்லை. வலசை வந்த இடத்திலேயே ஒரு வருடம் தங்கிவிடும். பெரிய பறவைகள் எல்லாம் ஆர்க்டிக்கில் இருக்கும் ஜூன், ஜூலையில் சேற்றில் மேய்ந்துகொண்டிருப்பவை முக்கால்வாசி போன வருடத்துக் குஞ்சுகள். கேப்டவுனுக்கு வடக்கே லாங்கபான் காயலில் அந்த மாதங்களில் வருடாவருடம் எண்ணினார்கள். அவ்வளவுதான். டைமிருக்கு டிக்கெட் எடுக்காமலேயே டைமிரின் விளைச்சல் கணக்கு கையில் வந்துவிட்டது.

நம் ஊரில் எண்ணுவது ஜனவரியில். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987லிருந்து ஜனவரியில் நடக்கிறது. நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது பேலன்ஸ் ஷீட். ஒரு குறிப்பிட்ட தேதியில் கையிருப்பு எவ்வளவு என்று சொல்லும். லாப நஷ்டக் கணக்கு இல்லை. கையிருப்பு குறைந்திருக்கிறது என்றால் விற்பனை படுத்ததா, செலவு எகிறியதா, சரக்கு வேறு கிளைக்குப் போய்விட்டதா என்று பேலன்ஸ் ஷீட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பறவை குறைந்தால் மூன்று காரணம் இருக்கலாம்: அங்கே குஞ்சு பொரிக்கவில்லை, வழியிலோ இங்கேயோ பெரியவை செத்தன, அல்லது தண்ணீர் பார்த்து வேறு சதுப்புக்குப் போய்விட்டன. ஜனவரி எண் ஒன்றை வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் பிரிக்கவே முடியாது. இருந்தும் பிரித்ததுபோல எல்லோரும் பேசுகிறார்கள்.

2018ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கோடியக்கரைக் காடு சின்னாபின்னமானது. அந்தக் குளிர்காலத்தில் எந்தப் பறவை குறைந்திருந்தாலும் பழி கஜா மேல்தான் விழும், அது இயல்பு. அதே 2018 கோடையில் கிரீன்லாந்தின் வடகிழக்கில் சாக்கென்பெர்க் என்ற ஆய்வு நிலையத்தில் பனி உருகாமல் ஜூலை வரை கிடந்தது. அந்த வருடம் அங்கே செடி, பறவை, விலங்கு எல்லாவற்றின் இனப்பெருக்கமும் ஏறக்குறைய முழுத் தோல்வி. கிரீன்லாந்துப் பறவைகள் கோடியக்கரைக்கு வருபவை அல்ல, ஐரோப்பா, ஆப்பிரிக்கா பக்கம் போகிறவை. ஆனால் அப்படி ஒரு கோடை டைமிரில் வாய்த்து, அதே வருடம் இங்கே ஒரு புயலும் அடித்தால்? எது எவ்வளவு கெடுத்தது என்று சொல்ல ஜனவரி எண் உதவாது. ஜூனில் எண்ணியிருந்தால் ஓரளவு தெரியும்.

இந்தக் கேள்வி இப்போது சும்மா ஆர்வக் கேள்வி இல்லை. 2024 அக்டோபரில் சர்வதேச சிவப்புப் பட்டியலைப் புதுப்பித்தபோது வளைமூக்கு உள்ளான் "அழியக்கூடிய நிலை" என்ற வகைக்குப் போனது. 2015ல்தான் அதை "அச்சுறுத்தலை நெருங்கும்" வகையில் வைத்திருந்தார்கள். ஒன்பது வருடத்தில் ஒரு படி இறக்கம். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சார்பில் பல பத்தாண்டுகள் பறவைகளுக்கு வளையமிட்ட எஸ். பாலச்சந்திரன், கிழக்குக் கரையில், குறிப்பாகக் கோடியக்கரையில், கரைப்பறவைகள் குறைந்துவருவதை 2006லேயே எழுதிவிட்டார்.

வடக்கிலும் நிலைமை மாறுகிறது. கிரீன்லாந்தின் வடகிழக்கில் 2000க்குப் பிறகு லெம்மிங் உச்சங்களே காணாமல் போயின. நார்வே மலைகளிலும் 1990களின் நடுவிலிருந்து இதே கதை. ஈரமாகி இறுகிய பனி எலிகளுக்கு ஆகவில்லை என்று 2008ல் விளக்கினார்கள். டைமிரிலும் பழைய மூன்று வருடத் தாளம் தடுமாறுகிறது; அதனால் பிரென்ட் வாத்துகளின் குஞ்சு விளைச்சல் குறைந்தது என்று 2013ல் ஓர் ஆய்வு. ஆர்க்டிக்கில் கூடு சூறையாடல் பலமடங்கு கூடிவிட்டது என்று 2018ல் ஒரு பெரிய கட்டுரை வந்தது. கணக்கிட்ட முறை தவறு என்று அடுத்த ஆண்டே மறுப்பும் வந்தது. அந்தச் சண்டை தீரட்டும்.

இவற்றில் மனதை உலுக்குவது 2016ல் வெளியான ரெட் நாட் ஆய்வு. இதுவும் டைமிரில் பிறக்கும் உள்ளான் வகைதான். குளிர்காலம் மேற்கு ஆப்பிரிக்காவின் மௌரிட்டேனியாவில். டைமிரில் முப்பது வருடத்துக்கு மேலாகப் பனி வருடத்துக்கு அரைநாள் வீதம் முன்கூட்டி உருகிவந்தது. பூச்சி பெருகும் காலம் முந்திக்கொள்ள, குஞ்சுகள் வரும்போது பந்தி முடிந்துவிட்டது. வெப்பமான கோடைகளில் பிறந்தவை சிறிய உடலோடும் குட்டை மூக்கோடும் வளர்ந்தன. இந்தக் குட்டை மூக்குகள் மௌரிட்டேனியச் சேற்றில் ஆழத்தில் கிடக்கும் சிப்பிகளை எட்டவில்லை. செத்தது ஆப்பிரிக்காவில், காரணம் சைபீரியாவில். மௌரிட்டேனியாவில் மட்டும் நின்று எண்ணிக்கொண்டிருந்தால் அந்த ஊர்ச் சேற்றைத்தான் குற்றம் சொல்லியிருப்பார்கள்.

சரி, இதையெல்லாம் சொன்னால் ஓர் ஆபத்து உண்டு. "பார்த்தீர்களா, பிரச்சினை ஆர்க்டிக்கில்தான். நம் உப்பளத்துக்கும் பறவைக்கும் சம்பந்தமில்லை" என்று கிளம்ப ஆள் தயாராக இருக்கிறது. அந்த வாதம் கணக்கில் நிற்காது.

ஓர் உதாரணக் கணக்கு. 100 பறவைகள். மூன்று கோடைகள் தொடர்ந்து குஞ்சே தேறவில்லை என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 100க்கு 10 பெரியவை செத்தால் மூன்று வருடம் கழித்து 73 மிஞ்சும். 20 செத்தால் 51தான் மிஞ்சும். நாலாவது கோடை நன்றாக அமையும்போது கூடு கட்ட 73 இருப்பதும் 51 இருப்பதும் ஒன்றா? இந்தப் பறவைகள் பல வருடம் வாழ்பவை. கெட்ட கோடைகளைத் தாண்டி நல்ல கோடைக்காகக் காத்திருப்பதுதான் அவற்றின் வியாபாரமே. குஞ்சு லாபம் என்றால் பெரிய பறவை முதல். லாபம் ஆர்க்டிக்கின் கையில். முதல் வருடத்தின் பெரும்பகுதி ஆர்க்டிக்குக்கு வெளியே, நம் கையிலும் வழியில் உள்ள நாடுகளின் கையிலும் இருக்கிறது. லாபம் வராத காலத்தில் முதலையும் தின்பவனைக் கடைத்தெருவில் என்ன சொல்வார்கள் என்று தெரியும்.

காமர்ஸ் நண்பர்களுக்கு இன்னொரு சுவையான சங்கதி. சேமித்த கொழுப்பைக் கொண்டு முட்டையிடும் உயிரினங்களை "மூலதன" வகை என்றும், அன்றன்று தின்பதைக் கொண்டு இடுபவற்றை "வருமான" வகை என்றும் உயிரியலாளர்கள் பிரிக்கிறார்கள். நிஜமாகவே அவர்கள் பயன்படுத்தும் சொற்கள்தான்! ஆர்க்டிக் கரைப்பறவைகள் எந்த வகை? 2001ல் கிளாசென் குழுவினர் குஞ்சுகளின் கரிம ஐசோடோப்புகளை ஆராய்ந்து, முட்டைக்கான சரக்கு துந்திரத்திலேயே தின்று சேர்த்தது என்று காட்டினார்கள். கொசு உள்ளானின் நான்கு முட்டை எடை கிட்டத்தட்ட தாயின் எடை. தெற்கிலிருந்து அவ்வளவு சுமை தூக்கிக்கொண்டு பறக்க முடியாது, நியாயம்தான். ஆக, கோடியக்கரைச் சேறு நேரடியாக முட்டையாக மாறுவதில்லை. ஆனால் அந்த முட்டையிடப் போகிறவளை மார்ச், ஏப்ரலில் கொழுக்க வைத்து முதல் கட்டப் பயணத்துக்கு வழியனுப்புவது இந்தச் சேறுதான். அது உவர்ப்பேறிப் புழு பூச்சி குறைந்தால் கிளம்பும்போதே கடனில் கிளம்புவாள். வேதாரண்யம் சதுப்புக்கு நல்ல தண்ணீர் வரத்து குறைந்ததையும் உவர்ப்பு ஏறியதையும் பறவையாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். இத்தோடு, உள்ளானுக்கு வலை வைப்பது 1972 சட்டப்படி குற்றம் என்பது கறிக்காகப் பிடிப்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் தெரியாததல்ல.

ஆகவே கேட்பது பெரிய காரியம் இல்லை. ஜனவரியோடு நிறுத்தாமல் ஜூன் கடைசியிலும் ஒரு முறை கோடியக்கரைச் சதுப்பில் வளைமூக்கு உள்ளானையும் கொசு உள்ளானையும் எண்ணுங்கள். அதே இடங்கள், அதே தேதிகள், வருடாவருடம். வலையில் பிடித்து வளையமிடும்போது, பிடிபட்டதில் முதல் வயதுப் பறவை எத்தனை சதவீதம் என்று வருடத்துக்கு ஒரு எண்ணைத் தமிழில் பொதுவில் வையுங்கள். சிறகின் ஓரத்தையும் தேய்மானத்தையும் வைத்து வயது பார்ப்பது பழகியவர்களுக்குச் சாதாரணம். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா கரைப்பறவை ஆய்வுக் குழு, தாங்கள் வலையில் பிடிக்கும் பறவைகளை வைத்து இந்தச் சதவீதத்தை வருடாவருடம் வெளியிட்டுவருகிறது. பெரும்பாலும் தன்னார்வலர்கள். மாஸ்கோவில் தோம்கோவிச், சோலோவியோவ் இருவரும் 1990களின் கடைசியில் தொடங்கிய ஆர்க்டிக் பறவைகள் இனப்பெருக்கச் சூழல் திட்டமும் இப்படித்தான்: துந்திரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வித்தாள். பனி எப்போது உருகியது, எலி எப்படி, நரி எப்படி, குஞ்சு தேறியதா. அவ்வளவே.

ஜூன் எண்ணிக்கையிலும் ஓட்டை உண்டு. அந்த மாதம் சதுப்பில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பறவை இடம் மாறும். அதனால்தான் ஒரு வருட எண்ணை வைத்துத் தலைப்புச் செய்தி போடக் கூடாது, ஏழெட்டு வருடம் ஓட வேண்டும். வலையில் கிடைக்கும் சதவீதத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து விழுந்தால் வடக்கே பார்க்கலாம். இளம் பறவைச் சதவீதம் நன்றாக இருந்தும் ஜனவரிக் கூட்டம் வருடாவருடம் இளைத்தால், வேதாரண்யத்திலேயே விசாரணையைத் தொடங்கலாம். உப்பளக்காரரும் வனத்துறையும் அப்போது டைமிரைக் காரணம் காட்ட முடியாது.

செலவு? ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப், வனத்துறை அனுமதிக் கடிதம், தொப்பி, தண்ணீர் பாட்டில். நாகப்பட்டினம், திருவாரூர் பக்கத்துக் கல்லூரிகளில் விலங்கியல் துறைகள் இருக்கின்றன. ஜூன் கடைசியில் வகுப்பு அப்போதுதான் ஆரம்பித்து இன்னும் சூடு பிடித்திருக்காது. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்கு டவுன் பஸ் போகிறது.